பால்வாடி பூட்டியிருந்தபோது அம்மாக்கள் கேட்டவை: பெருந்தொற்றுக் காலத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பற்றிய கேள்வி பதில்கள்

2020 மார்ச்சில் எங்கள் அங்கன்வாடிக்குப் பூட்டுப் போட்டபோது, சாவியோடு எடை போடும் தராசையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு மூன்று வாரத்தில் திறந்துவிடுவோம் என்ற நினைப்பில் சுவரில் ஒட்டிய காகிதப் பூக்களைக்கூடக் கழற்றவில்லை. பிள்ளைகள் மறுபடி வந்து வட்டமாக உட்கார்ந்தது 2022 பிப்ரவரி 16-க்கு அப்புறம்தான். அந்த இரண்டு வருடமும் என் போனுக்கு வந்தவை பெரும்பாலும் ஒரே மாதிரிச் சந்தேகங்கள். பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் அவற்றை எழுதி வைத்திருந்தேன்.

நான் டாக்டர் இல்லை. நர்ஸம்மாவிடமும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமும் கேட்டுத் தெளிந்தது, அப்புறம் பிள்ளைகளோடு பழகித் தெரிந்துகொண்டது, இரண்டும் சேர்ந்ததுதான் இந்தப் பதில்கள். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. “டீச்சர், இந்தக் கொரோனா சின்னப் பிள்ளைங்களுக்கு வருமா, வராதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

வரும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நாள் காய்ச்சல், சளி, இருமல், சில சமயம் வயிற்றுப்போக்கு என்று லேசாக வந்து போய்விடும். 2021 ஜூன், ஜூலையில் ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தது. ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்குக் கொரோனா எதிர்ப்பணுக்கள் இருந்தன. அந்த வயதுக்கு அப்போது தடுப்பூசியே கிடையாது. அதாவது பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தொற்று வந்து போயிருந்தது, நிறைய வீடுகளில் யாருக்கும் தெரியாமலே.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்குத் தொற்று வந்து போய் இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து விடாத காய்ச்சல், உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு, கடுமையான வயிற்று வலி வரும். “போன மாசமே சரியாயிடுச்சே” என்று வீட்டில் வைத்துப் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

என்னைக் கேட்டால், எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கிருமி படுத்தியது கொஞ்சம்தான். கிருமிக்குப் பயந்து நாம் நிறுத்திவிட்ட காரியங்கள் படுத்தியதுதான் அதிகம். கீழே பாதிக் கேள்விகள் அதைப் பற்றித்தான்.

2. “மூணு வயசுப் பையன் மாஸ்க்கைப் பிய்ச்சுப் பிய்ச்சுப் போடறான். அடிச்சாவது போட வைக்கணுமா?”

வேண்டாம். ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு மாஸ்க் கட்டாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டன. நம் மத்திய சுகாதாரத் துறையும் 2021 ஜூனில் அதையே சொன்னது. அந்த வயதில் மாஸ்க்கை நக்கும், தரையில் போட்டு மறுபடி மாட்டும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் மூச்சு முட்டும் ஆபத்தும் உண்டு. பிள்ளையைத் தூக்குகிற நீங்கள் போடுங்கள், போதும்.

3. “எனக்குப் பாசிட்டிவ் வந்திருச்சு. குழந்தைக்கு ரெண்டு மாசம்தான். பால் கொடுக்கலாமா, நிறுத்தணுமா?”

கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். தாய்ப்பால் வழியாக இந்தக் கிருமி பரவுவதாகத் தெரியவில்லை. மூச்சுக்காற்றும் எச்சில் துளியும்தான் வழி. கையைச் சோப்புப் போட்டு இருபது நொடி தேய்த்துக் கழுவிவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு பால் கொடுங்கள். உட்கார முடியாத அளவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் நலமாக இருப்பவர் பாலாடையிலோ ஸ்பூனிலோ புகட்டட்டும்.

ஒரு வீட்டில் மாமியார் பயந்துபோய் பவுடர் பால் டப்பா வாங்கி வந்துவிட்டார். பத்து நாளில் தாய்க்குப் பால் வற்றியது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கொரோனா அந்தக் குழந்தையைத் தொடவே இல்லை.

4. “ஆஸ்பத்திரிப் பக்கம் போனாலே ஒட்டிக்கும்ங்கறாங்க. தடுப்பூசியைக் கொரோனா முடிஞ்சப்புறம் போட்டுக்கலாமா?”

இந்தப் பட்டியலிலேயே நான் அதிகம் கவலைப்பட்ட கேள்வி இதுதான். ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி, ஒன்பது மாதத் தட்டம்மை ஊசி, ஒன்றரை வயது ஊசி என்று நாள் கணக்கு வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கக்குவானும் தொண்டை அடைப்பானும் தட்டம்மையும் ஊரடங்கு என்று வீட்டில் இருக்காது. 2019-இல் முதல் முத்தடுப்பு ஊசிகூடப் போடாத குழந்தைகள் இந்தியாவில் சுமார் 14 லட்சம். 2020-இல் அது 30 லட்சத்தைத் தாண்டியது. 2022 கடைசியில் மும்பையில் தட்டம்மை பரவி குழந்தைகள் இறந்தார்களே, அவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள்.

நாள் தவறிவிட்டது என்றால் பதற வேண்டாம். முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சிலவற்றுக்கு மட்டும் வயது வரம்பு உண்டு. பி.சி.ஜி. ஒரு வயதுக்குள், ரோட்டா சொட்டு மருந்தின் முதல் தவணை ஒரு வயதுக்குள். தட்டம்மை ஊசியை ஐந்து வயது வரை போடலாம். அட்டையைத் தூக்கிக்கொண்டு புதன்கிழமை போங்கள். கூட்டம் பயமாக இருந்தால் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டு எத்தனை மணிக்கு வந்தால் சும்மா இருக்கும் என்று கேளுங்கள். நாங்கள் தெருவுக்கு ஒரு நேரம் பிரித்து, வேப்பமரத்தடியில் ஆளுக்கு ஒரு வட்டம் போட்டு உட்கார வைத்தோம். ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

வைட்டமின் ஏ திரவத்தையும் மறக்காதீர்கள். ஒன்பது மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

5. “பால்வாடியில சாப்பிடும். வீட்டுல சாப்பிட மாட்டேங்குது. எளைச்ச மாதிரி தெரியுது. எடை போட வழி இல்லையே?”

மையத்தில் சாப்பிடும் பிள்ளை வீட்டில் சாப்பிடாததற்கு முதல் காரணம், பக்கத்தில் கூடச் சாப்பிட இன்னொரு பிள்ளை இல்லாததுதான். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்து, அதற்கும் ஒரு தட்டு வைத்துப் பாருங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் மசித்து, கொஞ்சம் பருப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய் அல்லது நெய் விட்டுக் கொடுங்கள். வயிறு சின்னது, அதனால் கொடுக்கிற பிடி ஒவ்வொன்றும் கெட்டியாக இருக்கட்டும்.

சத்துமாவும் அரிசி, பருப்பு, முட்டையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பினோம். உண்மையைச் சொன்னால், கூலி வேலை நின்றுபோன வீடுகளில் அதை வீடே சாப்பிட்டது. யாரைக் குறை சொல்வது? ஆனாலும் முட்டையை மட்டுமாவது பிள்ளைக்கென்று எண்ணித் தனியாக வையுங்கள் என்று கெஞ்சினேன். சத்துமாவைக் கூழாகவே காய்ச்சிக் கொண்டிருந்தால் அலுத்துப்போகும். வெல்லப்பாகில் உருண்டை பிடியுங்கள், கொழுக்கட்டை செய்யுங்கள்.

எடை போட முடியாதபோது கைச்சுற்றளவு நாடா உதவும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இடது கையில் சுற்ற வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஒரே கணக்கு. 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கவனம், 11.5-க்குக் கீழே என்றால் அன்றைக்கே டாக்டர். தையல் டேப் போதும். நான் வீட்டு வாசலில் நின்று அம்மாக்களையே அளக்க வைத்தேன். ஒரு வாரத்தில் என்னைவிடச் சரியாக அளந்தார்கள்.

6. “கபசுரக் குடிநீர், ஆவி, மஞ்சத்தண்ணி... சின்னக் குழந்தைக்கு எது கொடுக்கலாம்?”

ஆவி வேண்டவே வேண்டாம். கொரோனாவை ஆவி கொல்லாது, குழந்தையைச் சுடும். 2021 மே மாதம் பொது இடங்களில் ஆவி பிடிக்க ஏற்பாடு செய்யாதீர்கள் என்று அன்றைய தமிழக சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனே சொல்ல வேண்டிய அளவுக்கு அந்தப் பழக்கம் தலைவிரித்து ஆடியது. எங்கள் தெருவில் பாட்டி போர்வைக்குள் ஆவி பிடித்துக்கொண்டிருந்தபோது, நாலு வயதுப் பேத்தி விளையாட்டாக உள்ளே புகுந்தாள். குண்டான் கவிழ்ந்தது. தொடையெல்லாம் வெந்துபோய், அவசரத்தில் மேலே பேஸ்டைத் தடவிவிட்டார்கள். சுட்டுக்கொண்டால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றுவது. பேஸ்ட், இங்க், மாவு, முட்டை எதுவும் கூடாது. அப்புறம் சுத்தமான துணியைப் போர்த்தி ஆஸ்பத்திரி.

கஷாயத்தைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்கான அளவைச் சிறு பிள்ளைக்கு நீங்களாகக் குறைத்துக் கொடுக்காதீர்கள். அரசு சித்த மருத்துவப் பிரிவில் கேட்டுச் செய்யுங்கள். ஒரு வயதுக்குள் கஷாயம் எதுவும் வேண்டாம், தேனும்கூட வேண்டாம். ஆறு மாதத்துக்குள் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம். வசம்பு உரைப்பது பற்றிப் பாட்டிகளோடு நான் போட்ட சண்டைகளைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சானிடைசர் பாட்டிலை அலமாரிக்கு மேல் வையுங்கள். வாசனையும் கலரும் ஜூஸ் மாதிரி இருக்கும், ஒரு மடக்குப் போனாலே சின்ன உடம்புக்கு ஆபத்து. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிள்ளைக்குச் சோப்பும் தண்ணீரும் போதும்.

7. “காய்ச்சல் வந்திருச்சு. வீட்டுல வெச்சுப் பார்க்கலாமா, தூக்கிட்டு ஓடணுமா? எப்படிக் கண்டுபிடிக்கறது?”

மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தை என்றால் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு மூச்சை எண்ணுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் போனால் வேகமூச்சு. விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, பால் குடிக்க முடியாமல் போவது, எழுப்பினாலும் கண் சொருகுவது, வலிப்பு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள்.

காய்ச்சல் மருந்து விஷயத்தில் நிறையப் பேர் தடுமாறும் இடம் ஒன்று. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. சொட்டு மருந்தைச் சிரப் அளவில் ஊற்றினால் விபரீதம். அளவு எடையைப் பொறுத்தது, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. பத்துக் கிலோப் பிள்ளைக்கு 150 மில்லிகிராம் என்றால் சொட்டு மருந்து ஒன்றரை மில்லி, 125 சிரப் ஆறு மில்லி, 250 சிரப் மூன்று மில்லி. பாட்டிலில் உள்ள எண்ணைப் போட்டோ எடுத்து டாக்டருக்கோ நர்ஸம்மாவுக்கோ அனுப்பிக் கேட்டுவிட்டே கொடுங்கள். ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள். ஆஸ்பிரின் கூடாது.

8. “எனக்கும் அவருக்கும் ரெண்டு பேருக்கும் பாசிட்டிவ். பிள்ளையை அம்மா வீட்டுக்கு அனுப்பிடவா?”

2021 மே மாதம் இதை ஒரே நாளில் மூன்று பேர் கேட்டார்கள். உங்களோடு ஒரே பாயில் படுத்த பிள்ளைக்கு அநேகமாக ஏற்கெனவே ஒட்டியிருக்கும். அறுபது வயதுப் பாட்டியிடம் அனுப்பினால் பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று பாட்டியை மாட்டிவிடுவோம். உங்களில் ஒருவருக்காவது எழுந்து நடக்கும் தெம்பிருந்தால், மாஸ்க்கோடு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேரும் படுத்துவிட்டால், வயதில் சின்னவராக, பிள்ளைக்குப் பழக்கமான சித்தியோ மாமாவோ ஒருவர் உங்கள் வீட்டுக்கே வந்து இருப்பது நல்லது. பிள்ளை தூங்கும் இடமும் அதன் தலையணையும் மாறாது. ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். “அம்மா ஊசி போட்டுக்கப் போறேன், தினமும் போன்ல பேசுவேன்” என்று சொல்லி, உங்கள் பழைய சேலை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போங்கள். அழும். சொல்லாமல் போனால் அதைவிட அதிக நாள் அழும்.

9. “போன் கொடுத்தாதான் சோறு எறங்குது. எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?”

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கு: இரண்டு வயது வரை வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள். ஊரடங்கில் ஒற்றை அறை வீட்டில் இதைச் சொன்னால் கேட்பவருக்குக் கோபம்தான் வரும், எனக்கும் தெரியும். அதனால் நான் மூன்று விஷயத்தை மட்டும் பிடிவாதமாகச் சொன்னேன். சாப்பிடும்போது வேண்டாம், தூங்கப் போகும் முன் வேண்டாம், தனியாக விட்டுவிட்டுப் போக வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து “அந்த யானை என்ன பண்ணுது?” என்று கேட்டுக்கொண்டே பார்த்தால் கெடுதல் பாதியாகக் குறையும். வெளியூரில் மாட்டிக்கொண்ட அப்பாவோடு வீடியோவில் பேசுவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

10. “வீட்டுல பொம்மை இல்ல, புக் இல்ல. எனக்கும் படிப்பு வராது. நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்கறது?”

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா பூக்கட்டுபவர். நான் திருப்பிக் கேட்டேன்: “பூவை எப்படி எண்ணறே?” “ரெண்டு ரெண்டாத்தான்.” அதுதான் கணக்கு. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு பூவாக எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். விரல் பழகும், எண் பழகும், வாய் சும்மா இருக்காது.

வெங்காயம் தனி, உருளை தனி என்று பிரிக்கட்டும். படியில் அரிசி அளக்கட்டும். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுங்கள். துணி மடிக்கும்போது அப்பா சட்டை பெரிசு, பாப்பா சட்டை சின்னது. உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டுக்கு எந்தக் கடையிலும் பொம்மை வாங்க வேண்டியதில்லை. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புளியங்கொட்டை, சோழி, பட்டாணி மட்டும் வேண்டாம். மூக்கில் போட்டுக்கொள்ளும், தொண்டையில் சிக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியம், பிள்ளை “ஆ, ஊ” என்றாலும் பதில் சொல்வது. அது ஒன்று சொல்லும், நீங்கள் ஒன்று சொல்லுங்கள், அது மறுபடி சொல்லும்வரை காத்திருங்கள். அந்தக் காத்திருத்தலில்தான் பேச்சு வளர்கிறது.

11. “ரெண்டு வயசு முடிஞ்சிருச்சு. இன்னும் ‘அம்மா’, ‘தா’ தவிர பேச்சு வரல. கொரோனா குழந்தைங்க எல்லாமே லேட்டாத்தான் பேசும்ங்கறாங்களே?”

அப்படிச் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். வெளி ஆட்களைப் பார்க்காததால் கொஞ்சம் தாமதம் இருக்கலாம். ஆனால் வீட்டில் நாம் மாஸ்க் இல்லாமல்தானே இருந்தோம்? இரண்டு வயதில் “பால் குடு”, “அப்பா வா” என்று இரண்டு சொல்லையாவது சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை என்றால், முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, கண்ணைப் பார்க்காதது, பேசிய சொல்லும் மறைந்துபோவது இவை இருந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மாவட்டத் தலைநகர் அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். செலவு கிடையாது. போனைக் குறைத்துவிட்டு, மேலே 10-இல் சொன்னதை ஒரு மாதம் விடாமல் செய்தபோது நான்கைந்து பிள்ளைகள் மளமளவென்று பேச ஆரம்பித்ததை நானே பார்த்தேன். ஒரு பையனுக்கு மட்டும் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. “லேட்டாத்தான் பேசும்” என்று விட்டிருந்தால் அவன் என்ன ஆகியிருப்பான்?

12. “பக்கத்து வீட்டுப் பிள்ளையோட விளையாட விடலாமா?”

யாருக்கும் காய்ச்சல் இல்லாதபோது, இரண்டு மூன்று வீடுகள் பேசிவைத்துக்கொண்டு, அதே பிள்ளைகள் மட்டும், மொட்டை மாடியிலோ தெருவிலோ விளையாடலாம். மூடிய அறையைவிட வெளிக்காற்று மேல். விளையாடி முடித்ததும் கை கழுவ வேண்டும். ஒரு வீட்டில் தும்மல் வந்தால் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தக் கடைசி விதியில்தான் தெருச்சண்டையெல்லாம் வந்தது.

13. “மூணாவது அலை சின்னப் பிள்ளைங்களைத்தான் தாக்கும்னு டிவியில சொன்னாங்களே?”

2021 நடுவில் எல்லோரையும் தூங்கவிடாமல் செய்த பேச்சு இது. முதல் பதிலில் சொன்ன ரத்தப் பரிசோதனையே இதற்கும் பதில். கிட்டத்தட்டப் பெரியவர்கள் அளவுக்குப் பிள்ளைகளும் ஏற்கெனவே தொற்றைப் பார்த்தாகிவிட்டது. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்தபோது பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வந்தது, ஆனால் டிவியில் பயமுறுத்திய மாதிரி எதுவும் நடக்கவில்லை. இனி எந்தத் தொற்று வந்தாலும் உங்கள் பிள்ளையைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் ஊசி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பால் கொடுக்கும் தாய்மாருக்கு 2021 மே மாதத்திலும் கர்ப்பிணிகளுக்கு ஜூலையிலும் கொரோனா ஊசி போட அனுமதி வந்தது. அதற்கப்புறமும் பயந்துகொண்டு தள்ளிப்போட்ட குடும்பங்கள் நிறைய.

14. “நாள் முழுக்க வீட்டுக்குள்ளயே கெடக்கறேன். சின்னதுக்கெல்லாம் கை நீட்டிடறேன். அப்புறம் நானே அழறேன்.”

இதைக் கேட்ட தாய் ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் அனுப்பினார். எழுதி, அழித்து, மறுபடி எழுதியது திரையில் தெரிந்தது. கோபம் ஏறும்போது பிள்ளையைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு வாசலுக்குப் போய் நில்லுங்கள். இரண்டு நிமிடம் அது அழட்டும், ஒன்றும் ஆகாது. அடித்துவிட்டால், “அம்மா கோபத்துல அடிச்சுட்டேன், அது தப்பு” என்று சொல்லுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கும் குரல் புரியும்.

வீட்டில் உள்ள மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: தினம் அரை மணி நேரம் அவர் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரியவில்லை. தூக்கம் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் பேசுங்கள், பேர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் யாராவது பிள்ளையை மோசமாக அடிக்கிறார்கள் என்றால் 1098, அது குழந்தைகள் உதவி எண்.

15. “எல்.கே.ஜி., யு.கே.ஜி. பார்க்காம நேரா ஒண்ணாம் வகுப்பு. பென்சில் பிடிக்கவே தெரியல. ரெண்டு வருஷம் போச்சே, ஈடு கட்ட முடியுமா?”

முடியும், ஆனால் அவசரப்பட்டால் முடியாது. 2022 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் நிறையப் பேர் வரிசையில் நிற்கவே அன்றுதான் பழகினார்கள். அரசும் அந்த மாதமே ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைக் கொண்டுவந்தது, இந்த இடைவெளியை நிரப்பத்தான். பென்சிலுக்கு முன்னால் விரலுக்குப் பலம் வேண்டும். மாவு பிசையட்டும், பட்டாணி உரிக்கட்டும், கோலப்பொடியில் புள்ளி வைக்கட்டும். டியூஷனில் கொண்டுபோய் நாலு வரி நோட்டில் “அ” எழுத வைத்து அழவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

16. “தாத்தா கொரோனாவுல போயிட்டாரு. தூங்கறாருன்னு சொல்லி வெச்சிருக்கோம். இப்ப தூங்கவே பயப்படறா. என்ன சொல்ல?”

நாம் சொன்னதைப் பிள்ளை அப்படியே எடுத்துக்கொள்ளும். தூங்கினால் திரும்பி வர முடியாது என்று நினைத்துவிட்டாள். “ஊருக்குப் போயிருக்காரு” என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இப்போதும் தாமதமில்லை. மடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: “தாத்தா உடம்பு ரொம்ப முடியாமப் போயி செத்துட்டாரு. செத்துட்டா மூச்சு விட மாட்டாங்க, வலிக்காது, திரும்பி வர மாட்டாங்க. நாம தூங்கறது வேற, நாம காலையில எந்திரிச்சிடுவோம்.” அவள் இதையே பத்துத் தடவை கேட்பாள். பத்துத் தடவையும் அதே பதில். அன்று உடலைப் பார்க்க முடியாமல் போனதால் பெரியவர்களுக்கே அது ஆறாமல் இருக்கிறது, பிள்ளைக்குக் கேட்கவா வேண்டும். அவர் சட்டையை வைத்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேசுங்கள். படுக்கையில் சிறுநீர் போவது, விரல் சூப்புவது, உங்களையே ஒட்டிக்கொண்டு திரிவது சில வாரம் இருக்கும், அதட்டாதீர்கள்.

தாய், தகப்பன் இருவரையுமே கொரோனாவில் இழந்த பிள்ளைகள் பேரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை என்று 2021 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. ஒருவரை இழந்த குடும்பத்துக்கும் உதவி அறிவித்தது. உங்களுக்குத் தெரிந்து விட்டுப்போன பிள்ளை யாராவது இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். 1098-க்குச் சொன்னாலும் வழி காட்டுவார்கள்.

17. “பொம்மையைப் படுக்க வெச்சு, ‘உனக்குப் பாசிட்டிவ், யாரும் கிட்ட வராதீங்க’ன்னு கதவைச் சாத்தறா. பார்க்கவே என்னவோ போல இருக்கு. தடுக்கணுமா?”

தடுக்காதீர்கள். வாயால் கேட்க முடியாததைப் பிள்ளைகள் விளையாடித்தான் கேட்பார்கள். “பொம்மைக்குச் சாப்பாடு யார் கொடுப்பா?”, “பொம்மையோட அம்மா ஜன்னல்ல நின்னு டாட்டா காட்டலாமா?” என்று நீங்களும் உள்ளே நுழையுங்கள். விளையாட்டு ஒரே இடத்தில் சிக்கி, பொம்மை தினமும் செத்துக்கொண்டே இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்.

இதைக் கேட்ட வீட்டில் பதினான்கு நாளும் பொம்மை முறத்தில்தான் படுத்திருந்தது. யாரும் முறத்தைத் தொடக் கூடாது, அரிசி புடைக்கக்கூட அம்மா பக்கத்து வீட்டில் முறம் வாங்கினாராம். பதினைந்தாம் நாள் காலையில் அவளே பொம்மையைக் குளிப்பாட்டி, “நெகட்டிவ் வந்திருச்சு” என்று இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள்.